மாதிரிப்பட்டி, கதவு எண் பதினேழு

உட்காருங்கம்மா. சர்வர் இல்லையாம். இப்ப வந்துரும்னு கவுண்டர்ல இருக்கிற பொண்ணு பத்து மணிக்குச் சொல்லுச்சு. இப்ப மணி பதினொன்னே கால். உங்களுக்கு என்ன, ஆதாரா? போன் நம்பர் மாத்தணுமா? சரி சரி. என் டோக்கன் இருபத்தி மூணு. உங்களுது இருபத்தி ஆறா? அப்ப நேரம் கிடக்கு.

நான் உயிரோட இருக்கேன்னு நிரூபிக்க வந்திருக்கேன். சிரிக்காதீங்க. பென்ஷன் வாங்குறவன் வருசா வருசம் நவம்பர்ல வந்து மிஷின்ல விரல் வைக்கணும். நான் வச்சா மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது. இன்னியோட நாலு நாள் ஆச்சு. இந்தா பாருங்க கட்டை விரலை. ரேகை இருக்கா? இல்லை. தேஞ்சுபோச்சு. காட்டுல மம்பட்டி பிடிச்சுத் தேஞ்சதுன்னு நினைக்காதீங்க, கைநாட்டு வச்சே தேஞ்சது. இருபத்தொன்பது வருசமா வெள்ளையம்மாவுக்காக நான்தான் கைநாட்டு வச்சேன். வெள்ளையம்மா யாரா? கதவு எண் முப்பத்தொன்னு. புருசன் இல்லாதவ, எழுதப் படிக்கத் தெரியாது. அப்படி ஒருத்தி உலகத்துலயே கிடையாது.

இருங்க, முதல்ல இருந்து சொல்றேன். ஆலங்கரட்டுல தபால், டெலிபோன் ஆளுகளைத் தங்கவச்சுப் பயிற்சி குடுக்கிற மையம் ஒன்னு இருக்கு. நான் அங்க அட்டெண்டர். பேரு சீனிச்சாமி. அந்த மையத்துக்குப் பொன்விழா மலர் போட்டிருக்காங்க, நூத்தி இருபது பக்கம், வழவழன்னு தாள். எந்த மந்திரி ரிப்பன் வெட்டுனார், தண்ணித் தொட்டி எப்பக் கட்டுனது, எல்லாம் இருக்கு. மெஸ்ஸுக்குக் கிரைண்டர் வாங்குனதுக்கு ஒரு பக்கம் முழுசா போட்டோ. மாதிரிப்பட்டிக்கு? ஒரு வரி இல்லம்மா. ஒரே ஒரு வரி. கிரைண்டரை விடவா கேவலமாப் போயிட்டோம்? எனக்கு ஆத்திரமா வருது.

அதனால உண்மையான வரலாறை உங்களுக்குச் சொல்றேன், கேட்டுக்கங்க. அந்த இடம் முதல்ல பஞ்சு கோடவுன். அதைத்தான் டிபார்ட்மெண்டு வாங்கி ஹாஸ்டல் ஆக்குச்சு. முதல் பேட்ச் மூணு மாசமும் தும்மிக்கிட்டே படிச்சாங்க. கிழக்குப் பக்கம் தபால்காரப் பசங்க, மேற்குப் பக்கம் டெலிபோன் பொண்ணுக, நடுவுல மெஸ். பிரின்சிபலா வந்தவர் ரங்கபாஷ்யம்னு ஒருத்தர். பெரிய மூளைக்காரர். வந்த வாரமே சொன்னாரு, "யோவ் சீனி, தபால்காரனுக்கு ஊர் வேணும்யா. ஊர் இல்லாம டெலிவரியை எப்படிக் கத்துக்குடுக்கிறது? கரும்பலகையிலயா?"

அப்படிப் பொறந்த ஊர்தாம்மா மாதிரிப்பட்டி. ஹாஸ்டலுக்குப் பின்னாடி பொட்டல் காட்டுல அறுபத்தி நாலு கதவு. வீடு இல்லம்மா, கதவு மட்டும். பழைய ஆபீஸ் இடிச்ச இடத்துல இருந்து நிலையோட பேர்த்துக்கிட்டு வந்து, நாலு தெருவா வரிசையா நட்டோம். ஒவ்வொரு கதவுக்கும் நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ஆள் பேரு. நாலாம் நம்பர் காது கேக்காதவர். பன்னெண்டு, பேர் ஒன்னுபோல ரெண்டு அண்ணன் தம்பி. இருபத்திரெண்டு, வீடு மாறிப் போயிட்டே இருப்பார். முப்பத்தொன்னு வெள்ளையம்மா. பயிற்சிக்கு வந்த பையன் காலி உறையில பழுப்புத்தாள் வச்ச மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கிட்டு வந்து கதவைத் தட்டுவான். உள்ள இருந்து ஒரு ஆள் வரணும்ல? அந்த ஆள் நான்தான்.

அறுபத்தி நாலு கதவுக்கும் நான் ஒருத்தன்தாம்மா. ஒரு கதவுல கடிதம் வாங்கிட்டு, அவன் அடுத்த கதவுக்குப் போறதுக்குள்ள பின்பக்கமா ஓடிப் போய் நிக்கணும். அவன் பக்கத்துலயே ஓடுவேன். அவன் என்னைப் பாக்காத மாதிரி நடக்கணும், அதுவும் பயிற்சிதான். பாத்துச் சிரிச்சா ரெண்டு மார்க் போயிரும்.

டெலிபோன் பக்கம் மட்டும் சும்மாவா இருந்தாங்க? ஆறு கதவுல போன் பெட்டி மாட்டுனாங்க. மேற்குக் கட்டடத்துல பொண்ணுக எக்ஸ்சேஞ்ச் போர்டுல உட்கார்ந்து, "மாதிரிப்பட்டி அஞ்சா, பேசுங்க"ன்னு இணைப்பாங்க. அஞ்சும் நான்தான், பேசுற எதிர்த்தரப்பும் நான்தான். மூணாம் நம்பர் ரொம்பக் கோவக்காரர். "அரை மணி நேரமா லைன் கேக்கிறேன், தூங்குறியா?"ன்னு நான் போட்ட சத்தத்துல ஒரு பொண்ணு அழுதே போச்சு. சாயங்காலம் மெஸ்ஸுல அது தட்டுல நானே ரெண்டு வடை வச்சுட்டு வந்தேன், மூணாம் நம்பர் சார்பா.

பிரின்சிபல் எதையும் அரைகுறையா விட மாட்டார். 'முகவரிதாரர் இறந்துவிட்டார்'னு உறை மேல எழுதக் கத்துக்கணுமா, யாராச்சும் சாகணும். ஒன்பதாம் நம்பர் குருவையா செத்த அன்னிக்கு மெஸ்ஸுல கேசரி கிடையாதுன்னு உத்தரவு போட்டுட்டாரு. பசங்களும் சாப்பிடாம வருத்தமா உட்கார்ந்திருந்தாங்க. கேசரி இல்லாத வருத்தம்னு சிலர் சொன்னாங்க. நான் நம்பலை.

என் வேலையைப் பாத்து அசந்துபோய்த்தான் பதினேழாம் நம்பருக்கு என் பேரையே வச்சாரு. 'சீனிச்சாமி, கதவு எண் 17, மாதிரிப்பட்டி.' பித்தளைப் பலகை. பதினேழாம் நம்பருக்கு ஒரு தனி வேலை உண்டு. அவர் வந்த கடிதத்தை வேண்டாம்னு சொல்றவர். சொல்லிட்டு, 'வாங்க மறுத்தார்'னு பையன் எழுதுற சீட்டுல கையெழுத்துப் போடணும். நிஜ டெலிவரியில அப்படிக் கையெழுத்து வாங்குறாங்களோ என்னமோ, எங்க பிரின்சிபல் விதி அது. அந்தச் சீட்டை உறை பின்னாடி ஒட்டிருவாங்க. பாடம் அதோட முடியலை. மறுநாள் பதினேழாம் நம்பர் ஓடி வந்து, "தம்பி, தெரியாமச் சொல்லிட்டேன், அந்தக் கடிதத்தைக் குடுத்துரு"ன்னு கெஞ்சணும். பையன் குடுக்கவே கூடாது. மறுத்த கடிதம் அனுப்புனவங்களுக்குத்தான் போகணும். எவன் இரக்கப்பட்டுக் குடுக்கிறானோ அவன் பெயில். நான் விதவிதமாக் கெஞ்சுவேன். "என் பொண்டாட்டி எழுதுன கடிதம்ப்பா"ன்னு ஒரு வரி நானாச் சேத்தது. அதுல பாதிப்பேர் விழுந்துருவாங்க.

இப்ப வீட்டுக் கதைக்கு வர்றேன். வீட்டுக்காரி பேரு மூக்கம்மா. கமுதிப் பக்கம். தையல் மிஷின் வச்சிருந்தா, ஆலங்கரட்டுல பாதிப் பேருக்கு ஜாக்கெட் அவதான் தைப்பா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. மிஷின் பெல்ட்டு அறுந்துபோச்சு, வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா. சொன்னா, சொன்னா, மூணு வாரமாச் சொன்னா. நானும் மறக்கலை. டவுனுக்குப் போனேன். போன இடத்துல மாதிரிப்பட்டிக்குக் கதவு நம்பர் பலகை அடிக்கிற வேலை இருந்துச்சு, அறுபத்தி நாலு பலகை, சாதாரணமா? அதை வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்து பலகையெல்லாம் பரப்பிக் காட்டுனேன். எப்படி மின்னுது பாரு மூக்கம்மா, வெள்ளையம்மா வீட்டுப் பலகையைப் பாருன்னேன். அவ மிஷினைக் கழட்டிச் சாக்குல கட்டுனா. "நீங்க உங்க ஊர்லயே இருங்க"ன்னு சொல்லிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.

இதுல என் தப்பு என்னம்மா? நீங்களே சொல்லுங்க. சரி, பெல்ட்டு ஒரு சின்னத் தப்பு. ஆனா வீட்டை விட்டுப் போனது அவதானே? போனவதானே முதல்ல எழுதணும்? 'வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு ஒரு வரி எழுதட்டும், அடுத்த பஸ்ஸுல போய் நிப்பேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். மெஸ்ஸுல சொன்னேன். பிரின்சிபல்கிட்ட சொன்னேன். எழுதலை. ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வருசம். தபால் டிபார்ட்மெண்டுல வேலை பாக்கிறவனுக்குக் கட்டுன பொண்டாட்டி ஒரு கடிதம் போடலைன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. தினம் தபால் பை பிரிக்கும்போது போய் நிப்பேன். எனக்கு ஒன்னும் இருக்காது. சமையக்காரருக்குக்கூட வரும். நாலு வருசம்மா.

நாலு வருசம் கழிச்சு டிபார்ட்மெண்டு ரெண்டாப் பிரிஞ்சது. டெலிபோன் தனிக் கம்பெனி ஆச்சு. எங்க மெஸ் நடுவுல வெள்ளைப் பெயிண்டுல கோடு போட்டாங்க, சாம்பார் இந்தப் பக்கம், ரசம் அந்தப் பக்கம். அப்புறம் மாதிரிப்பட்டியைப் பிரிக்கணும். மூணு அதிகாரிக கமிட்டி. அறுபத்தி நாலு கதவும் தபாலுக்கு, ஆறு போன் பெட்டியும் டெலிபோனுக்குன்னு பதினொரு நாள் பேசி முடிவு பண்ணாங்க. அப்ப ஒருத்தர் கேட்டாரு, பெட்டியைக் கதவுல பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ யாருக்குன்னு. டெல்லிக்கு எழுதிக் கேட்டாங்க. இன்னும் பதில் வரலை.

கமிட்டிக்குத் தலைவரா வந்தது தணிகாசலம். பழைய ஆள், எங்கிட்ட பயிற்சி எடுத்தவன், அப்புறம் பரிட்சை எழுதி மேல போயிட்டான். அவன் மாதிரிக் கடிதங்களை எண்ணச் சொன்னான். பதிவேட்டுல நானூத்தி பன்னெண்டு. எண்ணிப் பாத்தா நானூத்தி பதிமூணு. மறுபடி எண்ணுனோம். பதிமூணுதான்.

ஒன்னு குறைஞ்சா பரவாயில்லம்மா, எலி தின்னுருச்சுன்னு எழுதிரலாம். கூடிருச்சுன்னா? எலி எழுதிப் போட்டுச்சுன்னா எழுத முடியும்? தணிகாசலத்துக்கு வேர்த்துருச்சு. மாதிரிக் கடிதத்துக்கெல்லாம் பின்பக்கம் சிவப்பு மையில நம்பர் இருக்கும். ஆனா அதுக்கு மேல வருசக்கணக்கா சீட்டா ஒட்டியிருக்கு. உரிச்சாத்தான் தெரியும். மெஸ் இட்லிச் சட்டியை வாங்கி ஆவியில காட்டி ஒவ்வொன்னா உரிக்கச் சொன்னான். ஒன்பது நாள் உரிச்சோம். ஒன்பது நாளும் எங்களுக்கு உப்புமாதான்.

ஒன்பதாம் நாள் பதினேழாம் நம்பர் கட்டு வந்துச்சு. அதுல ஒரு உறை எனக்கு நல்லாத் தெரியும். எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும். படிக்க முடியாத எழுத்துக்கு உதாரணம் காட்ட நான் அதைத்தான் எடுப்பேன். "பாத்துக்கங்கப்பா, இப்படி எழுதுறவங்களும் நாட்டுல இருக்காங்க, நீங்கதான் பொறுமையாப் படிக்கணும்"னு பேட்ச் பேட்ச்சாச் சொல்லியிருக்கேன். அதை ஆவியில காட்டி உரிக்கிறோம். எல்லாச் சீட்டுலயும் 'வாங்க மறுத்தார்', கீழ என் கையெழுத்து. ஒன்னு, ரெண்டு, பத்து, இருபது. நாப்பத்தாறு சீட்டு. நாப்பத்தாறாவது உரிஞ்சுச்சு. அடியில சிவப்பு நம்பர் இல்ல. நீல மையில எழுதியிருக்கு. 'அனுப்புநர்: மூக்கம்மா, கமுதி.'

அந்த நீல எழுத்தை விரலால தடவித் தடவி மறுபடி படிச்சேன்.

அவ கோவத்துல 'உங்க ஊர்லயே இருங்க'ன்னு சொன்னால்ல? அந்த ஊருக்கே முகவரி எழுதிட்டா. சீனிச்சாமி, கதவு எண் 17, மாதிரிப்பட்டி. மாவட்டம் கிடையாது, பின்கோடு கிடையாது. அப்படி ஒரு ஊரே கிடையாது. ஆனா பாருங்கம்மா, முத்திரைத் தேதிப்படி ரெண்டே நாள்ல வந்து சேர்ந்திருக்கு! கமுதியில தபால் பிரிச்சவன் எங்க பேட்ச், மதுரையில பிரிச்சவன் எங்க பேட்ச். எங்ககிட்டப் படிச்ச பதினோராயிரம் பேருக்கு அந்த ஊர் தெரியும்மா. சென்னையில இருக்கிற தெருவு தெரியாதவனுக்குக்கூட மாதிரிப்பட்டி தெரியும். இதையெல்லாம் மலர்ல போட வேண்டாமா? கிரைண்டர் போட்டோ போடுறாங்க.

வந்த கடிதத்தை எங்க டெஸ்பாட்ச்காரர் பாடத்துக்கான மாதிரிப்பட்டிப் பையில போட்டுட்டாரு. அவர் மேல தப்பே இல்ல. எழுதியிருந்த ஊருக்குத்தானே போட்டாரு. அவ எழுத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியலை. பதினாறு வருசக் குடித்தனத்துல அவ எழுதி நான் பாத்ததே இல்லை. எதுன்னாலும் வாயாலதான் சொல்லுவா. சொன்னதையும் நான்...சரி விடுங்க.

தணிகாசலத்துக்கிட்ட ஓடுனேன். "தம்பி, தெரியாம மறுத்துட்டேன், அந்தக் கடிதத்தைக் குடுத்துரு"ன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு நின்னான். "சீனி அண்ணே, பிரமாதம். இத்தனை வருசம் கழிச்சும் அதே தொண்டை"ங்கிறான். மத்த ரெண்டு அதிகாரியும் கை தட்டுறாங்க.

"நடிப்பு இல்ல தம்பி. என் பொண்டாட்டி எழுதுன கடிதம்ப்பா."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. நான் விழலையே! முழு மார்க் போட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

நான் அழுதேம்மா. அழுததுக்கும் கை தட்டுனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவன் உறையைத் திருப்பிப் பாத்தான், என்னைப் பாத்தான். முகம் மாறிப்போச்சு. புரிஞ்சுருச்சு. உட்கார்ந்துட்டான். அப்புறம் மெதுவாச் சொன்னான். "அண்ணே, நாப்பத்தாறு கையெழுத்து இருக்கே. நான் என்னண்ணே செய்யட்டும்? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே." சீட்டையெல்லாம் தேதி வரிசையா நூல்ல கோத்து, கடிதத்தோட சேத்துக் கட்டி, அனுப்புநருக்கே திருப்பிட்டான். எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கலை. ஆனா ஒரு ஓரத்துல பெருமையாவும் இருந்துச்சு. எவ்வளவு சரியாக் கத்துக்குடுத்திருக்கேன் பாருங்க.

அன்னிக்கே ஏன் கமுதிக்குப் பஸ் ஏறலைன்னு கேக்குறீங்களா? எப்படிம்மா போறது? மறுத்த கடிதம் போய்ச் சேரும் முன்னாடி மறுத்தவன் போய் நிக்கிறது முறை இல்லையே.

அஞ்சாம் நாள் பதினேழாம் நம்பர் கதவைத் தட்டுற சத்தம். பயிற்சி நேரம் இல்ல, பேட்சும் இல்ல. நான் ஓடிப் போய்த் திறந்தேன். மூக்கம்மா நிக்கிறா. தலையில சாக்குல மிஷின், கையில நூல்ல கோத்த சீட்டு. என்னை ஏற இறங்கப் பாத்தா. "ஒருவாட்டி வேண்டாம்னு சொன்னா, மனுசன் கோவமா இருக்கார்னு விட்டுருவேன். மாசாமாசம் தேதி போட்டு ஒருத்தன் வேண்டாம்னு எழுதுறான்னா, அவனுக்குப் புத்தி பிசகியிருக்கு. யாராச்சும் கூட இருந்து பாக்கணும்ல"ன்னா. சொல்லிட்டு, கதவு வழியா வரலைம்மா. கதவைச் சுத்திக்கிட்டு உள்ள வந்தா.

அதுல இருந்து ஒன்னாத்தான் இருக்கோம். இருபத்தி நாலு வருசம் ஓடிப்போச்சு. அந்தக் கடிதத்தை மட்டும் அவ பிரிக்கலை, பெட்டியில போட்டுப் பூட்டிட்டா. நானும் கேக்கலை. அவளாக் குடுக்கட்டும்னு இருந்தேன். அவராக் கேக்கட்டும்னு அவ பக்கத்து வீட்டுல சொன்னாளாம்.

நேத்து இந்தக் கவுண்டர் பொண்ணு, "ரேகை விழலைன்னா பரவாயில்ல தாத்தா, பழைய கையெழுத்து ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க, ஒத்துப் பாத்து எழுதிக்கலாம்"னுச்சு. வீட்டுல சொன்னேன். காலையில மூக்கம்மா பெட்டியைத் திறந்து இதை என் சட்டைப் பையில வச்சா. "கையெழுத்துதானே, இதுல நாப்பத்தாறு இருக்கு, போதுமான்னு கேளுங்க"ன்னா. வாயைப் பாருங்க. இந்தா, இதுதான். நூலு அப்படியே இருக்கு பாருங்க.

என்ன கேட்டீங்க? கையெழுத்துக்குச் சீட்டு போதுமே, உறையை எதுக்குச் சேத்துக் குடுத்தாங்கன்னா?

ஆமா. சீட்டு போதும்தான்.

இருங்க. மேல் ஓரத்தைப் பாருங்க. வெட்டியிருக்கு. ஜாக்கெட் துணி வெட்டுற கத்திரிதான், அந்தச் சாய்வு தெரியுதுல்ல. நேத்து வரைக்கும் ஒட்டித்தான் இருந்துச்சும்மா, எனக்குத் தெரியும். பெட்டியைத் திறக்கிறப்பல்லாம் நான் பாப்பேன்.

நீங்க எடுங்கம்மா. கண்ணாடி பையிலதான் இருக்கு, இருந்தாலும் நீங்களே படிங்க. அனுப்புநரே பிரிச்சுக் குடுத்த கடிதம், நீங்க படிச்சாக் குற்றம் இல்ல. எழுத்து கொஞ்சம் கோழிக் கிளறல். பொறுமையாப் படிங்க.

என்ன? 'மிஷின் பெல்ட்டு வாங்கிட்டீங்களா'வா? சரி. அப்புறம்? 'அண்ணன் வீட்டு மெத்தையில தூக்கம் வரலை.' சரி. அப்புறம்? 'பெல்ட்டைத் தபால்ல அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாங்க.' அவ்வளவுதானா? பின்னாடி திருப்பிப் பாருங்க. ஒன்னும் இல்லையா?

பாத்தீங்களா? நான் சொன்னேன்ல! 'வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு எழுதியிருக்காளா? எங்கயாச்சும் இருக்கா? பெல்ட்டுதான் கேட்டிருக்கா. ஒரு பெல்ட்டு. அதைக்கூட தபால்ல அனுப்ப வேண்டாமாம், நானே...

இருபத்தி மூணா? என்னைத்தான் கூப்பிடுது. சர்வர் வந்துருச்சு போல. இருக்கட்டும்மா, நான் உயிரோட இருக்கிறதுக்கு என்ன அவசரம். கடைசி வரி மட்டும் இன்னொருவாட்டி படிங்க.